அடிப்படை வசதி

முதலில் வந்தது குளிர். பங்குனி வெயிலில், உத்திரமேரூர் பஸ்ஸில், பல் கிட்டிக்கொண்டு நடுங்கினேன். சிறுநீர் நெருப்பாய் எரிந்தது. அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம்.

காஞ்சிபுரத்தில் டாக்டரம்மா கேட்டார்: “ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிற?”

“காலைல ஒரு டம்ளரு. அப்பறம் வூட்டுக்குப் போய்தான்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிறுநீரகத் தொற்று (கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குவது) என்றார்.

எங்கள் கல்லூரியில் பெண்கள் கழிவறைக்கு ஏழு படி, பிடிமானம் கிடையாது. போலியோ கால்களோடு படித்த நாங்கள் ஐந்து பேரும் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. மாடி ஏற முடியாமல் படிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்போம். ‘மாடிப்படி சங்கம்’ என்று எங்களுக்கு நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். யார் அதிக நேரம் அடக்குவது என்று போட்டி வேறு. என்ன புத்தியோ!

எனக்குக் காய்ச்சல் வந்ததற்கு முந்தைய ஆண்டே கல்லூரி முதல்வருக்கு மனு எழுதினோம். “கக்கூஸ்னே எழுதுடி. சுத்தி வளச்சா எவனுக்குப் புரியும்?” என்றாள் எங்கள் ஐவரில் ஒருத்தியான களியாம்பூண்டி சரளா. “அய்ய, பிரின்சிபாலுக்கா?” என்று ‘அடிப்படை வசதி’ என எழுதியவள் நான்தான்.

ஒரே மாதத்தில் வசதி வந்தது. நான்கு குழாயோடு குடிதண்ணீர்த் தொட்டி! “சந்தோஷமாம்மா?” என்று முதல்வர் கேட்டார். தலையாட்டினோம்.

எனக்கு ஊசி மருந்தில் குணமானது. சரளா தன் காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது). நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான்.

“அப்போ குடிக்க முடில, இப்போ குடிக்கக் கூடாதாம். இன்னா நாயம்டி இது?”

“என்னாலதான்டி” என்று அழுதேன்.

“அழுதுகினு கீறியே, போய் வேற மனு எழுது.”

‘கக்கூஸ்’ என்றே எழுதினேன். ஐந்தாவது கையெழுத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கினோம். முதல்வர் அதை இரண்டு முறை படித்தார். “இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?” என்றார்.

சரிவுப்பாதையும் கைப்பிடியுமாகக் கழிவறை தயாரானபோது சரளா இல்லை.

இப்போது இரண்டு மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கிறேன், எழுந்து போகிறேன். என் நாள் அப்படித்தான் பிரிகிறது. உடம்பு கூப்பிட்டால் காக்க வைப்பதில்லை. இதைப் படிக்கிற பெண்ணே, நீயும் வைக்காதே.

அந்தக் கழிவறைக்குள் முதல் நாள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஒரு நிமிடம்தான் ஆனது. இந்த ஒரு நிமிடத்துக்காகவா செத்தாள் என் சரளா?