மருந்து மிஷின் மீட்டரும் எங்க காரும்

எங்க பழைய காரு ரெண்டு நாளா ஸ்டார்ட் ஆகலை. பெட்ரோல் பம்ப் போச்சு, மாத்தணும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு.

எங்க வீட்டுக்காரர் கேக்கலை. "பிரஷரைப் பாக்காம எப்படிச் சொல்லலாம்"னு, திராட்சைக்கு மருந்தடிக்கிற மிஷின்ல இருந்த மீட்டரைக் கழட்டி, ஒரு ஓஸும் ரெண்டு கிளிப்பும் போட்டு பெட்ரோல் லைன்ல மாட்டிட்டாக.

நான் சாவியைத் திருப்பினேன். முள்ளு அசையவே இல்லை.

"போச்சு"ன்னு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாக. காரை விட அவுக முகம்தான் எனக்குக் கவலையாப் போச்சு.

அப்பத்தான் மீட்டரைப் பாத்தேன். எழுபது வரைக்கும் கோடு இருக்கு. காருக்கு வேண்டிய பிரஷரு வெறும் மூணு. நெல்லு மூட்டை நிறுக்கிற தராசுல மூக்குத்தியை வச்ச கதை.

தோட்டத்துக்குப் போயி சொட்டுநீர்க் குழாய்ல இருந்த சின்ன மீட்டரைக் கழட்டிட்டு வந்தேன். தினமும் தண்ணி திறந்துவிடுற எனக்குத் தெரியாதா, அதுல ஆறு வரைக்கும்தான் கோடுன்னு?

மாட்டுனதும் முள்ளு மூணுல போய் நின்னுச்சு. பம்ப் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் பாத்தா இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கெல்லாம் ஒரே கரி. தொடைச்சுப் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு.

இப்ப அனுமந்தன்பட்டியில இருக்கிற அவுக மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டிருக்காக: "மீட்டரை மாத்திப் பாப்போம்னு திடீர்னு ஒரு யோசனை வந்துச்சு மச்சான்."

நான் பக்கத்துலதான் நிக்கிறேன், பெட்ரோல் வாடையோட அந்தச் சின்ன மீட்டரைக் கையில வச்சுக்கிட்டு. உங்க வீட்டுலயும் யோசனை இப்படித்தான் வருதா?