அணைக்காத சூடம்

எங்கள் ஊரில் ஒருவன் திருடனா இல்லையா என்று முடிவு செய்ய ஒரு கட்டி சூடம் போதும். அம்மன் கோயில் வாசலில் வெற்றிலையின் மேல் சூடத்தை ஏற்றி வைப்பார்கள். "நான் எடுக்கல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவனை ஊர் நம்பிவிடும். பொய்ச் சத்தியம் பண்ணினவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். அணைக்க மறுத்தால், அவன்தான் எடுத்தவன். காரைக்காலை ஒட்டிய எங்கள் மீனவ கிராமத்தில் எத்தனையோ வழக்குகள் இப்படி அரைமணி நேரத்தில் முடிந்திருக்கின்றன. என் வழக்கு மட்டும் முடியவில்லை.

அப்போது சுனாமி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் என் மாமாவின், அதாவது அம்மாவின் தம்பியின், ஃபைபர் படகில் வேலை செய்தேன். படகில் நாங்கள் நான்கு பேர். மாமா, என் அக்காவைக் கட்டிய அத்தான், ஒரு பெரியவர், நான். நான்கு பேரில் நான் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். அதனால் ஜி.பி.எஸ். கருவி என் பொறுப்பு. முன்பெல்லாம் கரையில் நிற்கும் பனைமரங்களை அடையாளம் வைத்துத்தான் கடலில் மீன் கூடும் பாறைகளை மாமா கண்டுபிடிப்பார். அலை அந்த மரங்களில் பாதியை வாரிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு மாமா தட்டுத்தடுமாறித் தேடிப்பிடித்த ஒவ்வொரு பாறையும் அந்தக் கையகலக் கருவிக்குள்தான் இருந்தது. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

கரை ஏறியதும் அதை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மாமா வீட்டில் கொடுப்பது என் வழக்கம். ஒரு திங்கட்கிழமை காலை, இன்ஜினைத் தூக்கக் கூப்பிட்டார்கள் என்று டப்பாவைப் படகிலேயே வைத்துவிட்டுப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் டப்பா இருந்தது, கருவி இல்லை.

கவனக்குறைவு என்னுடையது. அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லாருடைய கண்ணும் என் மேல் விழுந்தது. அதோடு நான் கிறிஸ்தவன். ஊரிலேயே ஒரே கிறிஸ்தவன். சுனாமிக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்ததால், அரிசி மூட்டைக்காகப் போனவன் என்றுதான் எனக்குப் பேர். அரிசிக்கு மதம் மாறியவன் ஜி.பி.எஸ்ஸை விடுவானா என்று டீக்கடையில் ஒருவர் என் காதுபடவே கேட்டார். ஒரு மணி அரிசியை எவனும் எனக்குத் தந்ததில்லை. கிளாஸை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகில் வேலை செய்த மூன்று பேரும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். நடுவில் இருந்தவை நான்கு நாட்கள்.

அந்த நான்கு நாளும் அம்மா என்னை விடவில்லை. மீன்கூடையோடு நெரவிக்கு பஸ் ஏறப் போகிறவள், நான்கு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வருவாள். "ஒரு கட்டி சூடம்டா. கையால ஒரு தட்டு. நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தட்டிட்டு வந்து உன் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்க. உன் சாமி மன்னிக்கிற சாமின்னு நீதான சொன்ன?"

என்னை மீட்க அவள் அம்பகரத்தூர் காளிக்கு வேண்டிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை டவுனில் இருந்த எங்கள் ஜெபக்கூடத்துக்குப் போனேன். நாற்பது பேர் கூடும் ஓட்டுக் கட்டடம். பாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் பிரச்சினை என்றால் பயப்படுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூடம் வேண்டாம் தம்பி. அதுக்குப் பதிலா பைபிள் மேல கை வச்சு சத்தியம் பண்றேன்னு சொல்லிப் பாருங்க. கோர்ட்டுல பண்றதில்லையா?" என்றார்.

"சத்தியமே பண்ணக் கூடாதுன்னு இயேசு சொல்லியிருக்காரே, பாஸ்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊரோட மோதி நம்மால ஜெயிக்க முடியுமா? நாளைக்கு இந்தக் கூடத்துக்கு முன்னாடி வந்து நின்னா?" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர்மேல் கோபமாக வந்தது. உண்மையில் எனக்கு வந்தது பயம். அதுவரை ஊர் ஒரு பக்கம், சபை ஒரு பக்கம் என்று நினைத்திருந்தேன். என் பக்கத்தில் யாருமே இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் பெரிய விசுவாசி இல்லை. பிறவியிலேயே வீம்பு பிடித்தவன். என்னைப் பிடித்து நிறுத்தியது கடவுளா என் வீம்பா என்று அந்த நான்கு நாளும் எனக்கே தெரியவில்லை. ஜெபம் பண்ணினேன். எந்தப் பதிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. முதலில் பெரியவர் குளித்த ஈரத்தோடு வந்தார், சொன்னார், அணைத்தார். அடுத்தது அத்தான். அவர் குரல் உடைந்தது. கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சூடத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் தன் கையாலேயே ஏற்றினார்.

"வா தம்பி."

போனேன்.

"நான் எடுக்கல. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

கூட்டத்தில் ஒரே இரைச்சல். தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். அவர் என் அப்பாவோடு ஒரே படகில் போனவர். "சரிப்பா. உன் வேதத்த எடுத்துட்டு வா. அது மேல கை வச்சு சொல்லு. ஊர் ஒத்துக்கும்" என்றார்.

அவ்வளவு பெரிய மனது பண்ணி அவர் ஒரு கதவைத் திறந்து வைத்தார். பாஸ்டரே சம்மதித்த கதவு. நுழைந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஓரத்தில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றிருந்தாள். கோயிலைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"எது மேலயும் பண்ண மாட்டேங்க. பண்ணக் கூடாதுன்னு அந்த வேதத்துலதான் இருக்கு. நான் எடுக்கல. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

சூடம் எரிந்துகொண்டே இருந்தது. அது சின்னக் கட்டிதான். ஆனால் அது எரிந்து தீர எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். கடைசி வரைக்கும் தட்டிவிடு தட்டிவிடு என்று என் வலது கை என்னைக் கெஞ்சியது. வெற்றிலை கருகி, சூடம் தானாக அணைந்தபோது மாமா எழுந்து வந்தார்.

"இனிமே என் போட்டுல கால வைக்காத" என்றார்.

மாமா மட்டுமில்லை, எந்தப் படகிலும் என்னை ஏற்றவில்லை. கோட்டுச்சேரி போகும் சாலையில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் பார் ஐஸ் கட்டிகள் தூக்கப் போனேன். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அம்மா குடத்தோடு நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் அத்தான் ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தார். தாடி மண்டியிருந்தது. அக்காவின் நான்கு வயது மகளுக்கு ஒரு வாரமாக விடாத காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். சொல்லும்போதே ஐஸை மூடக் கொட்டியிருந்த மரத்தூள் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் எடுத்தேன்டா. வெளியூர்க்காரனுக்கு வித்துட்டேன். பொய்ச் சத்தியம் பண்ணினேன்ல, அம்மன் என் புள்ளயப் புடிச்சுட்டா. நீ அவகிட்ட பொய் சொல்லல. நீ உன் சாமிகிட்ட கேளு. நீ கேட்டா நடக்கும்."

மூன்று மாதம் நான் சுமந்ததெல்லாம் தலைக்கு ஏறியது.

"முதல்ல ஊருக்கு வாங்க. கோயில் வாசல்ல நின்னு இத சொல்லுங்க. அப்பறம் ஜெபம் பண்றேன்."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். சாகக் கிடக்கும் பிள்ளையை வைத்து நான் பேரம் பேசுகிறேன் என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது தவறாமல் நின்றவன், யாரும் பார்க்காத அந்த ஐஸ் ஃபேக்டரியில் சறுக்கிவிட்டேன். இன்றுவரை எனக்கு வெட்கம் அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அவரைக் கையைப் பிடித்துத் தூக்கி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது. திருடன் என்று ஒதுக்கப்பட்ட தம்பி வந்துவிட்டானே என்று அழுதாள். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். முதலில் என்னை மன்னிக்கச் சொல்லித்தான் கேட்டேன். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் போட்ட ஊசி கேட்டதா, ஜெபம் கேட்டதா என்று நான் வழக்காட வரவில்லை. குழந்தை பிழைத்தது.

வராந்தாவில் அத்தான் என் கையைப் பிடித்தார். "உன் அக்காவுக்குத் தெரிஞ்சா செத்துடுவா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்கு சத்தியம்…" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

இரண்டு வாரம் கழித்து மாமா வந்தார். ஐஸ் வாங்க வந்தவர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "எவனோ ஒரு வெளியூர்க்காரன் நம்ம பாறை மேலயே நேரா வந்து வலை போடுறான். யாருக்குடா வித்த?"

"நான் எடுக்கல மாமா. நான் விக்கல."

"அப்ப எடுத்தவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அந்தச் சூடத்தின் முன்னால் இந்தக் கேள்வி வந்திருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன், அது உண்மையாகவும் இருந்திருக்கும். இப்போது ஒரே ஒரு "தெரியாது" போதும், அவர் போய்விடுவார். தெரியும் என்றால் என் கழுத்தைப் பிடிப்பார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். என் வெறும் வார்த்தையை நம்பச் சொல்லித்தானே அன்று ஊரையே எதிர்த்து நின்றேன்? அந்த வார்த்தையில் இப்போது பொய்யைக் கலந்தால், அன்று எரிந்து தீர்ந்ததெல்லாம் வீண்.

"தெரியும் மாமா. சொல்ல மாட்டேன்."

அவர் கை ஓங்கிவிட்டது. நான் நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, கையை இறக்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் எங்கள் வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது.

"அக்கா, அவன எழுப்பு. தொழிலுக்கு நேரமாச்சு."

கரையில் பத்துப் படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அத்தான் வலையை மடித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்து ஒரு புது ஜி.பி.எஸ்ஸை எடுத்தார். எல்லாரும் பார்க்க அதை என் கையில் வைத்தார்.

"எடுத்தவன் தெரியாதுன்னுதான்டா சொல்வான்" என்றார், கரைக்கே கேட்கிற மாதிரி. "பேட்டரி சரியா இருக்கான்னு பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு பாறைகூட இல்லாத அந்த வெற்றுத் திரை கலங்கலாகத் தெரிந்தது. படகைத் தள்ளக் குனிந்தபோது எனக்கு எதிர்ப்பக்கம் கை வைத்த அத்தான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். மாமா ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் தள்ளினோம்.