புல் கட்டும் மிஷினும் ஒரு சொட்டு எண்ணெயும்

தையல் மிஷின் மெக்கானிக்குக்குத் தன்னைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் உண்டு. அதை அவரே ஒப்புக்கொள்வார், இப்போதெல்லாம் கொஞ்சம் வெட்கத்தோடு. செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் அவர் கடை. உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் தெருவில் இறங்கி நிற்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். எந்த மிஷின் வந்தாலும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்பார். பத்துக்கு ஏழு சரியாகிவிடும். மீதி மூன்றுக்கு, தைக்கிறவர் மிதிக்கிற விதம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே 'ஒரு சொட்டு'. அதைப் பாராட்டு என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தங்கை பன்னிரண்டு மாடு வைத்திருப்பவள். வீட்டில் யாரையும் கேட்காமல், ஒரு பழைய புல் கட்டும் மிஷினை வாங்கிப்போட்டாள். வெட்டிக் காயவைத்த புல்லை வாரி எடுத்து, அமுக்கி, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டுக்கட்டாகப் பின்னால் தள்ளுமே, அந்த மிஷின். ஒரு வருஷம் மரத்தடியில் கிடந்தது. தங்கை புருஷன் அதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நீதான் வாங்கின." அன்றிலிருந்து சங்கிலி இறுகிக் கிடந்தாலும் சரி, டயரில் காற்று இறங்கினாலும் சரி, அதே வார்த்தை. பக்கத்து வீட்டில் இருக்கும் அவர் தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

மெக்கானிக் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குப் பிறவி வியாதி. "இதுல என்ன இருக்கு? ஊசி இருக்கு, நூல் இருக்கு, முடிச்சு விழுது. கொஞ்சம் பெரிய தையல் மிஷின், அவ்வளவுதான்" என்றார். தங்கை முகம் மலர்ந்தது. வழக்கமாக வாடகைக்கு வரும் மிஷின்காரரிடம் இந்தத் தடவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புல்லையும் வெட்டியாகிவிட்டது. சனிக்கிழமை மழை என்றார்கள். நனைந்தால் புல் பூஞ்சை பிடித்துவிடும், மாட்டுக்கு ஆகாது.

"நம்ம வீட்டு மின்விசிறி ஆறு மாசமா மேஜை மேல படுத்திருக்கு" என்றாள் மெக்கானிக்கின் மனைவி, அவர் பையை எடுத்தபோது. "அது வேற டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை நன்றாகவே போனது. சொல்லாமல் இருக்கக் கூடாது, மனிதர் உழைத்தார். துருப்பிடித்த சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கண்ணி கண்ணியாக அசைத்து விட்டார். புல்லை வாரும் கம்பிப் பற்களில் வளைந்தவற்றை நிமிர்த்தினார், உடைந்த பதினொன்றை மாற்றினார். தங்கை பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணா, முடிச்சு போடுற தலையை மட்டும் தொடாதே. வாங்கும்போது நாலு கட்டு கட்டிக் காட்டினாங்க. அது நல்லாத்தான் இருக்கு."

"சரிம்மா" என்றார். அவள் மாட்டைப் பார்க்கப் போனதும் தொட்டார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? பல்சக்கரம், கொக்கி, கயிற்று நுனியைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு தட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு. தட்டுகள் கொஞ்சம் கறகறவென்று இருந்ததால், அங்கே மட்டும் பாசத்தோடு நான்கு சொட்டு.

செவ்வாய்க்கிழமை டிராக்டரில் பூட்டி ஓட்டினார்கள். முதல் கட்டு கம்பீரமாகப் பின்னால் வந்து, தரையில் விழுந்து, அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. மூன்றாவது விழுவதற்கு முன்பே அவிழ்ந்தது. மெக்கானிக் முடிச்சுத் தலையைத் திறந்து பார்த்துவிட்டு எண்ணெய் விட்டார். புதன்கிழமையும் அதே கதை. கயிறு மட்டம் என்றார். வேறு கயிறு வந்தது. புல்லில் ஈரம் என்றார். டிராக்டரை வேகமாக ஓட்டுகிறீர்கள் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர் வயலே கோணல் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்குப் பிறகும் மறக்காமல் எண்ணெய் விட்டார்.

"மச்சான் என்னதான் பண்ணுவாரு பாவம்" என்றார் தங்கை புருஷன். "பிணத்துக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னா? நீதான் வாங்கின."

புதன்கிழமை சாயங்காலம் தங்கை அண்ணனிடம், "நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல" என்றாள். "விட்டுடு அண்ணா. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெக்கானிக்குக்குப் பசிக்கவில்லை. மிஷின் ஓடாமல் நிற்கும்போது கயிற்று நுனியைத் தட்டுகளுக்கு நடுவே கையாலேயே கொடுத்து, இழுத்துப் பார்த்தார். வழுவழுவென்று வந்துவிட்டது. மறுபடி கொடுத்தார், மறுபடி வந்தது. விரலைப் பார்த்தார். பளபளத்தது.

கவ்விப் பிடிக்க வேண்டிய இடத்துக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். கொக்கி சுற்றி முடிச்சுப் போடும்வரை அந்தத் தட்டுகள்தான் கயிற்றை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அது கறகறவென்று இருந்தது நோயே இல்லை, அதன் வேலையே அதுதான். திங்கட்கிழமை நன்றாக இருந்த உடம்புக்கு மூன்று நாளாக மருந்து கொடுத்துப் படுக்கவைத்த வைத்தியர் அவர். யானைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தார். யானை தானாகப் போய் எண்ணெய் ஊற்றிவிட்டுச் சறுக்குமா என்று தோன்றவே அதையும் விட்டுவிட்டார்.

தட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினார். அரை மணி நேரம் ஆகவில்லை. எல்லோரும் வந்ததும் டிராக்டர் கிளம்பியது. முதல் கட்டு விழுந்தது. தங்கை புருஷன் இறங்கி அதைக் காலால் உதைத்தார். கயிற்றில் விரலை விட்டுத் தூக்கி ஆட்டினார். இரண்டு முடிச்சும் கல் மாதிரி நின்றன.

"மச்சான்! கையைக் கொடுங்க" என்றார். "உங்களுக்கு முன்னாடி எஞ்சினீயர் எல்லாம் என்ன!" தம்பியும் ஓடிவந்து கட்டைத் தட்டிப் பார்த்தான். "செத்ததை எழுப்பிட்டாரே அண்ணே!"

மெக்கானிக்குக்கு அது இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இனித்தது. தெருவில் செருப்புக் கடைக்காரரிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டார். யாருக்கும் எதுவும் தெரியாது. விழுந்த இடம் புல்தரை, மீசையில் மண்ணே இல்லை.

அப்போது தங்கை புருஷன் மனைவி பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் புண்ணியத்துல தப்பிச்ச. இல்லேன்னா இந்தக் குப்பையை என்ன பண்ணியிருப்ப? இனிமேலாவது கேட்டுட்டு வாங்கு."

தங்கை தலையை ஆட்டினாள். சரி என்று ஒத்துக்கொள்கிற ஆட்டல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாருக்கும் அப்படித் தலையாட்டாதவள் அவள். மெக்கானிக்குக்குத் தன்மேல் அவ்வளவு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை.

"மாப்ளே" என்றார். "மிஷின் மேல குத்தமே இல்லை. முடிச்சுத் தலை மொதல் நாளே நல்லா இருந்துச்சு. தொடாதேன்னு இவ சொன்னா. நான்தான் கேக்காம எண்ணெய் விட்டேன். விடக் கூடாத இடத்துல. மூணு நாளா நான்தான் கெடுத்தேன், இன்னைக்கு அதைத் துடைச்சேன். அவ்வளவுதான் நான் பண்ணது."

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்து சிரித்தான். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்!" என்றான். மெக்கானிக் வாங்கிக்கொண்டார். இது தெருவரைக்கும் வரும், செருப்புக் கடைக்காரர் காதுக்கு இவருக்கு முன்னாலேயே போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும்.

தங்கை சிரிக்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷனுக்கு எதிரே போய் நின்றாள்.

"இந்த மிஷினை யாரு வாங்கினது?"

அவர் கட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"நீதான் வாங்கின" என்றார்.

"உங்க தம்பிக்குக் கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."