சாவி இல்லாத மாத்திரைப் பெட்டி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஊசிக்குக் கணக்குக் கேட்கிற பொம்பளை ஒருத்தி உண்டு. பெயர் பிரிசில்லா. தையல் செக்‌ஷனை ஒட்டி ஒரு சின்ன ரூம், அதில் ஒரு இரும்பு பீரோ, பீரோ நிறைய மிஷின் ஊசி. தைக்கும்போது ஊசி உடைந்தால் புது ஊசி சும்மா கிடைத்துவிடாது. உடைந்த துண்டையெல்லாம் பொறுக்கி டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்து அவளிடம் காட்ட வேண்டும். அவள் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். முனை குறைந்தால் தலையை நிமிர்த்த மாட்டாள். "முனை எங்க? தேடி எடுத்துனு வா." அவ்வளவுதான் பேச்சு. காந்தத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் தரையில் தவழ வேண்டியதுதான். கிடைக்கிற வரைக்கும் அந்த லைன் ஓடாது. எவனோ வெளிநாட்டுக்காரன் ஷூவுக்குள் காலை விடும்போது ஊசி குத்திவிடக் கூடாதாம். அவளைத் திட்டாத தையல்காரி அந்தக் கம்பெனியில் கிடையாது. திட்டினால் திட்டிக்கொள்ளுங்கடி என்று அவள் பாட்டுக்கு இருந்தாள்.

புருஷன் ஜெயப்பிரகாஷ் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஓட்டினவன். ஒரு ஆள் உயரத்துக்கு மேலே சுற்றுகிற மர டிரம், உள்ளே தோலும் மருந்துத் தண்ணியும். நல்லவன்தான். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குழந்தை இல்லை என்று ஊரே அவளைக் குத்திக் காட்டின வருஷங்களில் ஒரு வார்த்தை அவளைச் சொன்னதில்லை. அப்புறம் நிஷா பிறந்தாள். அந்தப் பிள்ளையைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே திரிந்தான். நிஷாவுக்கு ரெண்டு வயசாகும்போது டிரம்மின் பெல்ட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. சட்டையோடு வலது தோளும் போனது. பிளேட் வைத்துத் தைத்தார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை.

ஒன்று போட வேண்டிய இடத்தில் ரெண்டு போட்டான். அப்புறம் ஒரு கை நிறையப் போட்டான். ஒரு நாள் பாத்ரூமில் உதடெல்லாம் நீலம் பூத்துக் கிடந்தவனை அவன் தம்பி சம்பத்துதான் தோளில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனான். பிழைத்தான். அங்கே இருந்த டாக்டரம்மா பிரிசில்லாவை உட்கார வைத்து ரெண்டே விஷயம் சொன்னார். திடுதிப்பென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது; கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இன்னொரு தடவை கைநிறையக் கிடைத்தால் ஆள் திரும்பி வரமாட்டார்.

அதற்காகத்தான் அந்தப் பெட்டி வந்தது. ரைஸ் குக்கர் அளவு, வெள்ளை நிறம். வேலூரிலிருந்து ஆள் வந்து சுவரில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் போனான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பீப் பீப் என்று கத்தும். உள்ளே இருக்கிற வட்டம் ஒரு அறை நகரும். கீழே கிண்ணத்தில் ஒரே ஒரு ரோஸ் கலர் மாத்திரை விழும். எத்தனை மணிக்கு விழ வேண்டும், எந்த வாரத்திலிருந்து குறைய வேண்டும், எல்லாம் அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டார்கள். வாரா வாரம் ஆள் வந்து நிரப்பிவிட்டுப் போவான். சாவியும் அவர்களிடம்தான்.

வீட்டில் ஒரு சாவி வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டார்.

"வேணாம்மா," என்றாள் பிரிசில்லா. "என்கிட்ட இருந்தா குடுத்துடுவேன். அடி தாங்க மாட்டேன்."

பொய். எவ்வளவு அடி தாங்குவாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

முதல் ரெண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் மத்தியானம், அவன் உடம்பெல்லாம் வேர்த்து, மூக்கு ஒழுக, ஒரு இடத்தில் நிற்க முடியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிரிசில்லா சாப்பிட வந்திருந்தாள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது. கம்பெனி ஊசி பீரோவின் சாவி. அதைக் கழற்றவே மாட்டாள், குளிக்கும்போதுகூட. அவன் கண் அதில் போய் நின்றது.

"அத்த குடு."

"இன்னாங்க இது, கம்பெனி சாவி. உங்களுக்கே தெரியுமே."

"ஊசிக்கே சாவி வெச்சினு திரியறவ, மாத்திரைக்கு வெச்சிருக்க மாட்டியா? யார்கிட்ட கத வுடற?"

கயிற்றைப் பிடித்து இழுத்தான். இழுத்தவுடனே அறுகிற கயிறா அது? கழுத்துச் சதையைக் கிழித்துக்கொண்டுதான் அறுந்தது. இடது கையால் சாவியைப் பெட்டிக்குள் திணித்து முறுக்கினான். சாவி உள்ளேயே முறிந்தது. முறிந்த கோபத்தில் அவள் தலைமயிரைப் பற்றி, அதே பெட்டியில் நெற்றியை மோதினான். வேறொரு சாவி எங்கே என்று கேட்டுக் கேட்டு மோதினான். இல்லாத சாவியை எங்கிருந்து எடுத்துத் தருவாள்?

மத்தியானம் ஊசி பீரோவைத் திறக்க முடியவில்லை. சூப்பர்வைசர் மூர்த்தி எல்லார் எதிரிலும் அவளைக் கிழிகிழி என்று கிழித்தான். நெற்றி வீங்கியிருக்கிறதே, என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டானா? அந்தப் புண்ணியவானுக்கு லைன் நின்றதுதான் கவலை.

அப்புறம் அடி நிற்கவே இல்லை. கொதிக்கிற ரசத்தை அவள் காலில் ஊற்றினான். கதவிடுக்கில் அவள் விரலை வைத்துக் கதவைச் சாத்தினான். ஒரு பல் போனது. ஒவ்வொரு தரமும் சாவி, சாவி, சாவி. பீப் சத்தம் கேட்டு, மாத்திரையை விழுங்கி, கொஞ்ச நேரம் ஆனதும் அதே ஆள் அவள் காலுக்கு மருந்து தடவிக்கொண்டு விக்கி விக்கி அழுவான். பார்க்கவே வயிறு எரியும். அழுகிற ஆளும் அவன்தான், அடித்த ஆளும் அவன்தான், யாரை என்ன செய்வது?

பக்கத்து வீட்டு வஜீதா அவளோடு ஒரே கம்பெனியில் தைக்கிறவள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்டேஷன்ல போய் சொல்லு பிரிசில்லா. இன்னும் இன்னாத்துக்கு பாக்கற?"

"உள்ள வெச்சா யாரு வேளைக்கு மாத்திரை குடுப்பாங்க? துடிச்சே செத்துடுவாரு."

"அந்த ஆளு உன்ன சாவடிச்சிட்டா?"

"நான் சாவ மாட்டேன்," என்றாள் பிரிசில்லா. என்ன ஒரு திமிர் பாருங்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் சாகக் கூடாது. மாத்திரை குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டால் பழைய மனுஷன் கைக்கு வந்துவிடுவான் என்று நம்பினாள். அடித்தபோதெல்லாம் நிஷா மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். மூன்று வயசுப் பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டுப் பிள்ளையோடு திரும்பி வருகிறாள், தெருமுனையிலேயே டம் டம் என்று சத்தம். பின்னால் வீடு கட்டுகிற இடத்தில், ஆணி அடிக்க வேண்டும் என்று சம்மட்டியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். நல்ல கை இடது கை மட்டும்தான், ஆனால் வெறி ரெண்டு கைக்கு இருந்தது. சுவர்க் காரையெல்லாம் பெயர்ந்து கொட்ட, பெட்டி ஒரு பக்கம் தொங்கியது. அவள் நிஷாவை இறக்கிவிட்டு ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் முழங்கையை வீசினான். மூக்கு உடைந்து ரத்தம் வாயில் இறங்கியது. கீழே விழுந்தவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். சம்மட்டியின் காம்பு அவள் முதுகில் இறங்கியது, மறுபடி இறங்கியது. அவள் காலை விடவில்லை. அடுத்த அடி பெட்டியில் விழுந்து, பெட்டி வாயைப் பிளந்தது. ரோஸ் மாத்திரைகள் வீடெங்கும் சிதறின.

அவன் சம்மட்டியைப் போட்டுவிட்டு, தரையில் விழுந்து, மண்ணும் மாத்திரையுமாக வாயில் அள்ளினான். பிரிசில்லா அவன் மேல் பாய்ந்தாள். வாய்க்குள் விரலை விட்டாள். கடித்தான், எலும்பு வரைக்கும் கடித்தான். இன்னொரு கைக்கு அகப்பட்டது செருப்பு. அதாலேயே அவன் மூஞ்சியில் அறைந்தாள். துப்பு, துப்புடா என்று கத்திக்கொண்டே அறைந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'டா' போட்டது அன்றைக்குத்தான். பிளேட் வைத்த தோளை முட்டியால் நசுக்கினாள். அவன் அலறினபோது வாய் திறந்தது. உள்ளே கிடந்ததைத் தோண்டி எடுத்தாள்.

சம்பத்தும் தெரு ஆட்களும் வந்து அவனைக் கொடிக்கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். அதற்குள் அவள் போன் அடித்தது. பெட்டி உடைந்த தகவல் வேலூருக்குத் தானாகவே போயிருக்கிறது.

"பெட்டியில பதினொரு மாத்திரை இருக்கணும் மேடம்," என்றது ஒரு பெண் குரல். "அவர் எத்தனை போட்டாரு?"

அவள் கையிலிருந்ததையும் தரையில் கிடந்ததையும் சேர்த்தாள். எச்சிலும் ரத்தமுமாகப் பத்து இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒண்ணு காணம்," என்றாள்.

"ஒண்ணு முழுங்கியிருப்பான் அண்ணி, வுடு. ஒண்ணுல ஒண்ணும் ஆவாது. மொதல்ல உன் மூக்கப் பாரு," என்றான் சம்பத்து. ஜன்னலில் கட்டிக்கிடந்தவன், முழுங்கவில்லை, சத்தியமாக முழுங்கவில்லை என்று கத்தினான். கூட்டத்தில் ஒருத்தர், அடி பட்டதில் பொம்பளைக்குப் புத்தி கலங்கிவிட்டது, ஆட்டோ கூப்பிடுங்கள் என்றார்.

"யாரும் வெளிய போவக் கூடாது," என்றாள் பிரிசில்லா. "ஒண்ணு கொறையுது."

வஜீதாவுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. ஊசி முனைக்காக எத்தனை தடவை இவளால் தரையில் தவழ்ந்திருப்பாள். அன்றைக்கெல்லாம் மனசுக்குள் சபித்தவள், இன்றைக்கு வாயைத் திறக்காமல் கதவைச் சாத்திவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையில் முட்டி போட்டாள். ஒருத்தி மிதியடியை உதறினாள், ஒருத்தி அரிசி டிரம்மை நகர்த்தினாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்ட வஜீதா, கையை எடுக்கவே இல்லை.

"பிரிசில்லா," என்றாள். "பாப்பா தூங்குது."

தூங்கவில்லை. வாயோரம் ரோஸ் கலர் எச்சில். இமையைத் திறந்து பார்த்தால் கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. மூச்சு எப்போதோ ஒரு தரம் வந்தது. பிரிசில்லா அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, ரத்தம் ஒழுகுகிற மூக்கோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினாள். எந்த மாத்திரை, எத்தனை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளால் சொல்ல முடிந்தது. டாக்டர் வேறெதையும் யோசிக்காமல் அந்த மருந்தை முறிக்கிற ஊசியைப் போட்டார். பிள்ளை உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. அப்புறம் வீலென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் பிரிசில்லா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சம்பத்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தான். வரும்போதே அண்ணன்காரன் அழுதுகொண்டு வந்தான். வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அவள் காலில் விழுந்தான். பாப்பா எப்படி இருக்குது, நான் பாவி, என்னை வெட்டிப் போடு என்றான். என்ன இருந்தாலும் பிள்ளையைப் பெற்றவன். அவன் தலையில் கை வைக்கப் போனாள்.

அவன் அவள் பாதத்தை விடாமல், தலையைத் தூக்காமல், குரலை இறக்கிக் கேட்டான்.

"அந்தப் பத்தும் உன்கிட்டத்தான இருக்குது?"

பிரிசில்லா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பத்தையும் உள்ளங்கையில் கொட்டி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். எடுத்துக்கோ, போட்டுக்கோ, செத்துப் போ. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முழு மனசோடு நினைத்தாள். அவன் கை மேலே வந்தது. அவன் விரல் அவள் உள்ளங்கையில் பட்டபிறகுதான் அவள் கையை மூடினாள்.

எழுந்து போய் நர்ஸ் முன்னால் மாத்திரைகளைக் கொட்டினாள். "பத்து இருக்குது. எண்ணி எடுத்துக்குங்க," என்றாள். திரும்பி வந்து சம்பத்திடம் சொன்னாள்.

"உங்க அண்ணன உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. புதுப் பொட்டி குடுப்பாங்க, அங்கயே மாட்டிக்குங்க. என் வீட்டுக்கு வேணாம்."

"அண்ணி, கோவத்துல பேசாத. இனிமே உன்மேல கை வைக்க வுட மாட்டேன்."

"அவரு கைக்கு நான் எப்பவும் பயந்தது இல்ல," என்றாள் பிரிசில்லா. "இப்ப என் கையப் பாத்தா பயமா இருக்குது."