கலீல் காக்காவின் காட் சாகாமல் இருந்த கதை

மருந்துக்கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. தப்பித்தவறி வந்தாலும் விலையைக் கேட்டதும் அது போய்விடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய என் சகபாடிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் கல்முனையில் நான் நின்ற கவுண்டருக்கு நன்றி சொல்ல எனக்கொரு காரணம் இருக்கிறது.

பாவிக்காவிட்டால் செத்துப்போகும்

சுனாமிக்குப் பிறகு கொழும்புக் கம்பெனி ஒன்று மருத்துவச் செலவுக்கு மட்டும் கடன் அட்டை, எங்கள் வாயில் காட், கொடுத்தது. எங்கள் கடையிலும் கொழும்பில் சில ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். வருடத்தில் ஒரு தடவையாவது பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை என்று நான் தொண்டை வறளச் சொன்னாலும், வட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதிப்பேர் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மருதமுனை கலீல் காக்கா போகவில்லை. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அவர் கைத்தறி நெசவாளி. சொந்தத் தறியைக் கடல் கொண்டுபோனதால் அடுத்தவர் தறியில் நெய்துகொண்டிருந்தார். மகள் நுஸ்ரத்துக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருக்கம். பிள்ளை கொஞ்சம் வளரட்டும், ஆனால் மயக்கம் வந்தால் காத்திருக்க முடியாது, உடனே கொழும்பில் ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த நாளுக்கென்று, வாத்தியாரான மச்சானைப் பிணை வைத்து காட் எடுத்தார். அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதைப் பாவிக்கிற நாள் வரப்படாது எண்டு நான் துஆக் கேக்கன். பாவிக்காட்டிச் செத்திரும் எண்டு நீங்க சொல்றீங்க. அல்லாஹ்க்கிட்ட நான் என்னத்தக் கேக்கிற?"

சுகமாயிருப்பவருக்கு என்ன மருந்து?

வருடம் முடியப்போன நேரம் காக்காவும் மனைவி சபியாவும் வந்தார்கள். ரெண்டு பெனடோலாவது வாங்குங்கள், காட் பிழைத்துக்கொள்ளும் என்றேன். சபியா ஒத்துக்கொள்ளவே இல்லை. சுகமாக இருக்கும்போது மருந்து வாங்கி வீட்டில் வைப்பது நோய்க்குப் பாய் விரிப்பதாம். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். சதக்கா என்று தர்மம் கொடுத்தால் நோய் விலகும் அல்லவா, வேறு யாருக்காவது மருந்து வாங்கிக் கொடுப்போம் என்றார்.

அந்த நேரம் தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு பெண், மகனின் இழுப்புக்கு எழுதிய மருந்தில் பாதியைப் போதும் என்று திருப்பித் தந்துகொண்டிருந்தார். காக்கா முழுவதையும் தன் காட்டில் போடச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட அந்தப் பெண்ணும் சும்மா போகவில்லை. உங்கள் மகளுக்காகக் கோயிலில் அருச்சனை செய்யப்போகிறேன், பெயரும் நட்சத்திரமும் சொல்லுங்கள் என்றார். பெயரைச் சொன்ன காக்கா, நட்சத்திரத்துக்குச் சபியாவைப் பார்த்தார். சபியா என்னைப் பார்த்தார். பிறகு காக்காவே சொன்னார்:

"நட்சத்திரம் தெரியா தங்கச்சி. நோன்புப் பெருநாளைக்கு முதல் நாள் பொறந்தவ. அதைச் சொல்லிப் பாருங்க, ஐயருக்கு விளங்கும்."

மெஷினுக்கு வந்த சோதனை

அதற்குப் பிறகு வருடத்துக்கொரு சதக்காவில் காட் பிழைத்துவந்தது. யுத்தத்தின் கடைசிக் காலம். எங்கள் தெருவில் டெலிபோன் லைன் அறுந்து, காட் மெஷின் ஊமையாகிவிட்டது. காக்காவின் வருடமோ மறுநாள் முடிகிறது. அக்கரைப்பற்றில் முதலாளியின் தம்பி வீட்டில் லைன் இருந்தது. மெஷினைக் கழற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். காக்கா பின்னால் இருந்தார், மெஷின் அவர் மடியில் இருந்தது, வயர் கீழே தொங்கியது.

அந்தக் காலத்தில் வயர் தொங்கும் பெட்டியோடு சோதனைச் சாவடிக்குப் போவது புத்தியுள்ளவன் செய்கிற வேலையா? ஆமிக்காரன் துவக்கை உயர்த்திய பிறகுதான் எங்களுக்கே அது உறைத்தது. காக்கா தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை, மகள் என்பதற்கான "துவ"வை, திரும்பத் திரும்பச் சொல்லி நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். அதிகாரி வந்தார். நான் நாக்குழற எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெஷினைப் புரட்டிப் பார்த்தார், காக்காவின் முகத்தையும் பார்த்தார். பிறகு சிரிக்காமல் தமிழில் சொன்னார்:

"மெஷின் போகலாம். நீங்க ரெண்டு பேரும் ஐடென்டிட்டி காட்டுங்க."

துண்டு வந்தது

அன்று அக்கரைப்பற்றில் காட் பிழைத்தது. அந்த வருடத்துச் சதக்கா இறக்காமத்து விவசாயி ஒருவருக்குப் பிரஷர் மாத்திரையாகப் போனது. யுத்தமும் முடிந்தது. சில மாதங்கள் கழித்து நுஸ்ரத் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அம்புலன்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். எனக்குக் கடையில் நிலைகொள்ளவில்லை; இருமலுக்கு வந்தவரிடம் கண்ணுக்கு விடும் மருந்தை நீட்டிவிட்டேன். பின்னேரம் காக்கா போனில் வந்தார். "காட்டை இழுத்தாங்க தம்பி. மெஷின் யோசிச்சிக்கிட்டே நிண்டிச்சி. இப்பதான் பில் துண்டு வந்திட்டு. புள்ளைய உள்ளுக்கு எடுத்திட்டாங்க" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. வட்டி சேருமுன் கடனைக் கட்ட மருதமுனை நெசவாளிகள் கைகொடுத்தார்கள். சுகமானதும் மூவரும் கடைக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வாயெடுத்த காக்கா அழுதுவிட்டார். நானும் அழுதேன், மறைப்பானேன். நுஸ்ரத் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"சாச்சா, என்னைத் தள்ளிட்டுப் போகக்குள்ள உம்மா என்னைப் பாத்து அழுதா. வாப்பா மெஷினைப் பாத்து அழுதார்."

இத்தனை வருடம் மருந்து விற்ற நான் சரியாகப் பராமரித்துப் பிழைக்க வைத்த ஒரே நோயாளி அந்தக் காட்தான் என்று என் மனைவி சொல்வதை மறுக்க எனக்கு மனமில்லை.