கோய்வுயார்வியை வதிவிடமாகக் கொண்ட பத்மாக்கா

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் மரக்கறி வாங்கப் போன இடத்தில், கடைக் கதவில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைப் பார்த்தேன். "நயினாதீவைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட பத்மாவதி" என்று இருந்தது. யாரோ என்று கடந்துபோக இருந்தவன் படத்தைப் பார்த்துத்தான் நின்றேன். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பத்மாக்கா. புற்றுநோய் என்று தெரியும். இவ்வளவு கெதியாகப் போவார் என்று நினைக்கவில்லை. அழுகை வந்தது. அதற்கு முதலே கோபம் வந்துவிட்டது. பத்மாக்கா ஒஸ்லோவில் ஒரு மாதம்கூட வாழ்ந்ததில்லை.

அவர் வாழ்ந்தது பின்லாந்தின் ஏரிப் பகுதியில், கோய்வுயார்வி என்ற சின்னக் கொம்யூனில். நம்மூர்ப் பிரதேச சபை மாதிரி ஒன்று. ஒரு பலசரக்குக் கடை, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். மிச்சமெல்லாம் தண்ணீரும் காடும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வாகனத்தை அவர்தான் ஓட்டினார். ஒரு கோடையில் போயிருந்தபோது, "இவ்வளவுதானோ அக்கா உங்கடை ஊர்?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"வா, மிச்சத்தைக் காட்டுறன்" என்று ஏரியைக் கடக்கும் மிதவையில் என்னை ஏற்றினார். நமது தீவுகளில் 'பாதை' என்போமே, அதேதான். ஆட்கள் ஏறிய பின்னும் பாதைக்காரர் அதை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வரும் ஒரு கிழவியைக் காணவில்லையாம். கடைசியில் யாரோ அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனார்கள். "இஞ்சை ஒராள் குறைஞ்சால் தெரியும் தம்பி. உங்கடை ஒஸ்லோவிலை தெரியுமோ?" என்றார் பத்மாக்கா.

பிறகு அந்தக் கொம்யூனைப் பக்கத்து நகரத்தோடு இணைக்கத் திட்டம் வந்தது. இணைத்தால் பெயரும் எடுபட்டுவிடும். ஊர்க் கூட்டத்தில் எதிர்த்து முதலில் எழும்பியவர் இவர்தான். அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தார். "ஒரு ஊரை விட்டிட்டு வந்தனான். இந்த ஊரின்ரை பேரையும் விடேலாது எண்டு சொல்லிப்போட்டன். என்ரை பின்னிஷ் பிழைதான், ஆனால் எல்லாருக்கும் விளங்கினது." திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு நகரத்தாலேயே எடுக்க முடியாத பெயரை, ஒரு தாளில் நம்மவர்கள் எடுத்துவிட்டார்கள். அறிவித்தலைப் போட்டவர், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் இருக்கும் அவருடைய அண்ணன். அவரிடம் ஏன் என்று கேட்டேன். "உந்தப் பேர் ஆரின்ரை வாயிலை நுழையும்? அவள் காட்டுக்கை தனிச்சுக் கிடந்தவள் எண்டெல்லோ சனம் கதைக்கும். ஒஸ்லோ எண்டால் ஒரு மரியாதை" என்றார்.

மரியாதையாம். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் காலமெல்லாம் மீன் வெட்டியவனும் செத்தால் ஒஸ்லோக்காரன்தானா? உயிரோடு இருந்தபோது அந்தக் காட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்காதவர்களுக்கு, செத்த பிறகு அவர் எங்கே வாழ்ந்தார் என்று முடிவுசெய்ய என்ன உரிமை?

உடலை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்துதான் கிரியை செய்தார்கள். தனித்துக் கிடந்தவர் என்று சொல்லப்பட்டவருக்காகக் கோய்வுயார்வியிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்திறங்கியது. மண்டப வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்படியென்றால் அவர் எங்களோடு வாழவே இல்லையா?" என்றார்.

பத்மாக்காவைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தலிலும் ஒஸ்லோ என்று வந்தால், பேனையோடு கடைவாசலுக்குப் போவேன், எல்லோரும் பார்க்க வெட்டித் திருத்துவேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.