அண்ணன் காட்டு மக்காச்சோளத் தட்டு

கோவையில் பார்த்துவந்த வேலையை விட்டு ஊர் திரும்பியதும் அண்ணனிடம் ஒரு ஏக்கர் கேட்டேன். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் காடு. கோழித் தீவனத்துக்காக அதில் மக்காச்சோளம் போடுவது அவர் வழக்கம். ஓரத்து ஏக்கரைக் காட்டினார்.

"தைப் பொங்கல் வரைக்கும் உன்ற இஷ்டம் அம்மணி. வெள்ளாமை வரலைன்னா பேசாம என்ற கையில குடுத்துபோடோணும். நான் சோளம் போட்டுக்கறேன்."

சரி என்றேன். உரக்கடைப் படியேறுவதில்லை, மருந்து தொடுவதில்லை என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட கட்டு.

நாள் குறித்து வைப்பது என் பழக்கம். எந்தக் கிழமை நாற்று நட்டேன், சாணமும் கோமியமும் வெல்லமும் கடலைமாவும் ஊறிய கரைசலை என்றைக்கு வேருக்கு விட்டேன், மழை எப்போது வந்து எப்போது ஓய்ந்தது எல்லாம் நோட்டில் இருக்கும். ஆவணிக் கடைசியில் தக்காளியும் ஊடே அவரையும் வைத்தேன். மண் காயாமலிருக்க மேலே மூடாக்குப் போட வேண்டும். அண்ணன் காட்டில் மெஷின் அறுத்துப்போன சோளத்தட்டு, காய்ந்த தண்டும் தோகையுமாக, சும்மா கிடந்தது.

"எடுத்துக்க கண்ணு, எனக்கு வேலை மிச்சம்" என்றார்.

காசில்லாமல் கிடைத்த சந்தோஷத்தில் புரட்டாசி முதல் சனிக்கிழமை ஏக்கர் முழுக்கப் பரப்பினேன். கடைசி இரண்டு வரிசைக்குச் சுமந்துவரத் தெம்பில்லை. பக்கத்து வேலியில் கிளுவைத் தழையை வெட்டிப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் இரண்டு மழை. மூன்றாம் சனிக்கிழமை போய்ப் பார்த்தால் கொழுந்தெல்லாம் சுருண்டு, தண்டு கயிறு திரித்ததுபோல முறுக்கிக் கிடந்தது. அண்ணன் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனார். ஒரு பாட்டிலோடும் கடைக்காரரின் வாய்மொழியோடும் திரும்பினார்.

"வெள்ளை ஈ கொண்டாந்த வைரஸாமா. சாணித்தண்ணிக்கெல்லாம் மசியாதுன்னு சொல்லிச் சிரிக்கறான். இன்னைக்கே அடிச்சுப்போடு."

"வேண்டாமுங்கண்ணா."

"செடி செத்துப்போச்சுன்னா நீ படிச்ச பொஸ்தகம் வந்து காய்க்குமா?"

"செத்தாலும் என்ற செடிங்கண்ணா. பாட்டிலைக் கொண்டுபோயிருங்க."

அவர் பாட்டிலைக் கொண்டுபோகவில்லை. வரப்பில் வைத்துவிட்டுப் போனார். தினமும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துக் கரைத்து அடித்தேன். பலனில்லை. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு ஈ இல்லை. தக்காளிக்கு வந்த வைரஸ் அவரையையும் அதே நாளில் எப்படி முறுக்கும்? அதற்குப் பிறகுதான் வரப்பின் கோடிவரை நடந்தேன். கிளுவைத் தழை போட்ட இரண்டு வரிசையும் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன.

நோட்டைப் புரட்டினேன். எல்லா வரிசைக்கும் நாற்று ஒன்றே, கரைசல் ஒன்றே, தண்ணீர் ஒன்றே. மூடாக்கு மட்டும்தான் வேறு. அந்தத் தட்டு என்றைக்கு வந்தது என்று எழுதியிருந்தேன். அதற்கு முன் அதன்மேல் என்ன விழுந்தது என்று எழுதவில்லை, கேட்கவுமில்லை. அண்ணனை வரப்புக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, அறுப்புக்கு முன்னால சோளத்துக்கு என்ன அடிச்சீங்க?"

"கொடி ஏறிக்கிச்சல்லோ, மெஷின் உள்ள போகோணுமே. சதுர்த்திக்கு மொதநாள் களைக்கொல்லி அடிச்சேன். அது சோளத்த ஒண்ணும் பண்ணாது, கொடியத்தான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"தக்காளிய?" என்றேன்.

அண்ணன் வரப்பிலிருந்த பாட்டிலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாளே தட்டை வாரத் தொடங்கினேன். நான்கு நாள் ஆனது. எல்லாவற்றையும் அவர் காட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க் கொட்டினேன்.

"இதென்னம்மணி, திருப்பிக் கொண்டாந்து கொட்டற?"

"உங்க காட்டு மருந்து உங்க காட்டுலயே கெடக்கட்டுமுங்க."

"சரி, தைக்குள்ள என்னத்தப் பறிப்பே?"

"ரெண்டு வரிசை இருக்குதல்லங்க."

முறுக்கிய செடிகள் தேறவேயில்லை. ஆனாலும் ஒன்றையும் பிடுங்கவில்லை. போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். இரண்டு வரிசையில் மார்கழி முழுக்கப் பறித்தேன். மாட்டுப் பொங்கலன்று அண்ணன் வந்து வரப்பில் நின்றார்.

"ரெண்டு வரிசைக்குப் பேரு வெள்ளாமையா?"

"வெள்ளாமை வரோணும்னுதானுங்க சொன்னீங்க. எத்தனை வரிசைன்னு சொல்லலீங்களே. காட்டைத் தரமாட்டேன். அடுத்த போகத்துக்கு நீங்கதான் வரப்போரம் நாலு உழவு சால் மருந்தில்லாம விடோணும்."

"என்ற காட்டுல எனக்கே சட்டமா?"

"காத்து வரப்பைப் பாத்துட்டு நிக்குமுங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். தன் பக்கத்தில் நான்கு சால் தள்ளிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார். கயிற்றின் ஒரு முனை மட்டும் என் வரப்பை நோக்கி மூன்றடி நகர்ந்திருந்தது. அந்தக் குச்சியைப் பிடுங்கி, நான்காம் சாலில் நேராக நட்டுவிட்டு வந்தேன்.